கார் கடன் வட்டிக்கு வரிக் கழிவு தர வேண்டுமா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

கார் வாங்க எடுத்த கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள விடலாமா என்ற கேள்வி, அமெரிக்காவில் நெடுங்காலம் பெரும்பாலும் ஓய்ந்தே கிடந்தது. 2024 அக்டோபர் 10 அன்று டெட்ராய்ட் பொருளாதார மன்றத்தில் பேசிய டொனால்ட் டிரம்ப் அதை மீண்டும் எழுப்பினார். 2025 ஜூலை 4 அன்று அவர் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தில், 2025 முதல் 2028 வரையிலான நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டும், பல நிபந்தனைகளுடன் அந்தச் சலுகை இடம்பெற்றது. கெடு முடியும்போது இதை நீட்டிப்பதா, விரிப்பதா, கைவிடுவதா என்ற விவாதம் வந்தே தீரும். இந்தியாவும் 2019-இல் மின்வாகனக் கடனுக்கு ஏறத்தாழ இதே சலுகையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறது என்பதால், ஊகத்தை மட்டும் நம்பாமல் இரு நாடுகளின் நடைமுறையை வைத்தே ஒப்பிட முடிகிறது.

அரசின் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாக் கார் கடன்களுக்கும் வட்டிக் கழிவு தரலாம். யாருக்கும் தராமல் இருக்கலாம். குறிப்பிட்ட வகைக் கார்களுக்கு மட்டும் தரலாம். வட்டியை விட்டுவிட்டு வாங்கும் நேரத்தில் விலையிலோ விற்பனை வரியிலோ குறைக்கலாம். அல்லது காரை வைத்துச் சம்பாதிக்கிறவருக்கு மட்டும் வட்டியைத் தொழில் செலவாக ஏற்கலாம். இவற்றுள் கடைசி இரண்டும்தான் நியாயத்துக்கும் பயனுக்கும் நெருக்கமானவை என்பது என் கருத்து. ஆனால் மற்றவற்றின் பக்கமும் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதல் வழி புதியதல்ல. 1913-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரி வந்தபோது, தனிநபர் எந்தக் காரணத்துக்காகக் கடன் வாங்கியிருந்தாலும் அதன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்றே விதி இருந்தது. கார் கடன் வட்டி, கிரெடிட் கார்டு வட்டி, கடையில் தவணைக்கு வாங்கிய பொருளின் வட்டி எல்லாமே அதில் அடங்கின. 1986-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. ஒரே அடியாக வெட்டாமல், 1987-இல் 65 சதவீதம், 1988-இல் 40, 1989-இல் 20, 1990-இல் 10 என்று குறைத்து, 1991-இல் முழுவதும் நிறுத்தினார்கள்.

இந்த வழியை எடைபோட ஒரு கடனை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நல்லது. ஒருவர் 30,000 டாலர் கடனை 7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணைக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 594 டாலர். முதல் ஆண்டில் அவர் கட்டும் வட்டி சுமார் 1,935 டாலர். இந்த 1,935 டாலர் அவருடைய வரியிலிருந்து குறைவதில்லை, வரி போடப்படும் வருமானத்திலிருந்து குறைகிறது. எனவே அவர் 12 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சமாவது ஆண்டுக்கு 232 டாலர், அதாவது மாதத்துக்கு இருபது டாலருக்கும் கீழே. 22 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 426 டாலர் மிஞ்சும். வருமானம் குறைவாக இருப்பதால் வரியே கட்டாதவருக்கு ஒரு காசு கூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கடைசி மனிதருக்குத்தான் கடன் மிகக் கனமாக இருக்கும். கடன் வரலாறு சரியில்லாதவரிடம் அதே 30,000 டாலருக்கு 14 சதவீதம் வட்டி கேட்டால், தவணை 698 டாலராக ஏறுகிறது. ஐந்து ஆண்டில் கட்டும் மொத்த வட்டி 5,640 டாலர் என்பது 11,880 டாலராகிவிடுகிறது. சுமை அதிகமுள்ளவருக்குக் கொஞ்சமும், குறைவாக உள்ளவருக்கு அதிகமும் கொடுக்கும் இந்தக் கோணல், கழிவு என்ற அமைப்பிலேயே இருக்கிறது. எழுதும் விதத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

முதல் வழியின் இன்னொரு கோளாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காரின் விலைக்குக் கழிவு இல்லை, வட்டிக்கு உண்டு என்றால், விலையில் ஒரு பகுதியை வட்டியாக மாற்றி எழுதுவது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஆதாயமாகிவிடும். பெரிய கார் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கடன் நிறுவனங்கள் இருப்பதால் இது சுலபமும்கூட. விலையில் ஆயிரம் டாலர் குறைத்து, வட்டியில் அதே ஆயிரத்தைக் கூட்டினால் விற்பவருக்கு மொத்த வரவு மாறுவதில்லை. வாங்கியவர் 22 சதவீத அடுக்கில் இருந்தால் அவருக்கு 220 டாலர் வரி குறைகிறது. அந்த 220 டாலர் கருவூலத்திலிருந்து போகிறது. ரொக்கமாகப் பணம் கட்டத் தயாராக இருப்பவரைக் கூட, ‘கடனாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் லாபம்’ என்று விற்பனையாளர் மடக்குவதற்கு வழி பிறக்கிறது.

ஆனாலும் முதல் வழியை ஆதரிக்கிறவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வங்கியில் 30,000 டாலர் சேமிப்பு வைத்திருப்பவர் அதை எடுத்துக் கார் வாங்கினால், அந்தப் பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் இல்லை, அதற்கான வரியும் இல்லை. அதே மனிதர் சேமிப்பைத் தொடாமல் கடன் வாங்கினால், வரும் வட்டிக்கு வரி கட்டுகிறார், போகும் வட்டிக்குக் கழிவு பெறவில்லை. வட்டி வருமானத்துக்கு வரி போடும் அரசு, வட்டிச் செலவையும் ஏற்பதுதானே சமம் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில், காரின் இயல்பில் இருக்கிறது. வாடகைக்கு விட்ட வீடு வருமானம் தரும், அந்த வருமானத்துக்கு வரி உண்டு, ஆகவே அதற்கு வாங்கிய கடனின் வட்டி செலவாகிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் காரும் உரிமையாளருக்கு ஒரு பலனைத் தருகிறது. ஆனால் அந்தப் பலனின் மதிப்பை யாரும் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவதில்லை. வரவுப் பக்கத்தை வரிக்கு வெளியே விட்டுவிட்டு, செலவுப் பக்கத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். சொந்த வீட்டுக் கடனுக்கு மட்டும் இது பொருந்தாதா என்று கேட்டால், பொருந்தும்தான். அங்கே கொடுத்துவிட்ட சலுகையைத் திரும்பப் பெற அரசுகளுக்கு எளிதில் துணிச்சல் வருவதில்லை, அவ்வளவே.

யாருக்கும் தராமல் இருப்பது என்ற இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எளிமையானது, கருவூலத்துக்குச் செலவில்லாதது, 1991 முதல் 2024 வரை அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது. ஆனால் அதுவும் முழுச் சுத்தமாக நடக்கவில்லை. மற்ற வட்டிகளுக்குக் கழிவு போய், வீட்டின் பேரில் வாங்கும் கடனுக்கு மட்டும் அது நிலைத்ததால், மக்கள் வீட்டை ஈடாக வைத்துப் பணம் எடுத்துக் கார் வாங்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட கடனில் 1,00,000 டாலர் வரைக்கான வட்டிக்குக் கழிவு கிடைத்தது. பணத்தை எதற்குச் செலவழித்தார் என்று யாரும் கேட்கவில்லை. 2018-இல்தான் அந்த வாசல் அடைபட்டது. அதுவரை, சொந்த வீடு உள்ளவருக்குக் கார் கடன் வட்டிக் கழிவு மறைமுகமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. ஒருவகைக் கடனுக்கு மட்டும் சலுகை இருந்தால் மற்றக் கடன்களெல்லாம் அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு வரும் என்பதை இந்த அனுபவம் காட்டியது.

மூன்றாவது வழிதான் இப்போது நடப்பில் இருப்பது. நுணுக்கமும் சிக்கலும் இங்கேதான் அதிகம். 2025 சட்டத்தின்படி ஆண்டுக்கு 10,000 டாலர் வரையிலான வட்டியைக் கழிக்கலாம். கடன் 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். கார் புதியதாக, சொந்த உபயோகத்துக்கானதாக, பாகங்களை இணைத்து அமெரிக்காவில் இறுதியாகப் பூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். குத்தகைக்கு எடுத்த காருக்குக் கிடையாது. செலவுகளைப் பட்டியலிடாமல், எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும் நிலையான கழிவை எடுத்துக்கொள்கிறவருக்கும் இது தனியாகக் கிடைக்கும் என்பது 1986-க்கு முந்தைய முறையைவிட மேலானது. அன்று செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டுகிறவருக்கே பலன் கிட்டியது.

பத்தாயிரம் டாலர் என்ற உச்சவரம்பு பார்வைக்குத் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் மேலே சொன்ன 7 சதவீத, ஐந்து ஆண்டுக் கடனில் முதல் ஆண்டு வட்டி 10,000 டாலரைத் தொட வேண்டுமானால் கடன் ஏறத்தாழ 1,55,000 டாலராக இருக்க வேண்டும். அந்த விலைக்குக் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் வருமான வரம்பைத் தாண்டியிருப்பார். அந்த வரம்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனிநபருக்கு 1,00,000 டாலருக்கும், கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதிக்கு 2,00,000 டாலருக்கும் மேல், ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 200 டாலர் வீதம் கழிவு குறைகிறது. ஆகவே தனிநபர் 1,50,000 டாலர் வரை சம்பாதித்தாலும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது முழுப் பத்தாயிரம் டாலர் வட்டி கட்டுகிறவருக்கே பொருந்தும். நம்முடைய 1,935 டாலர் வட்டிக்காரருக்கு வருமானம் 1,10,000 டாலரைத் தொடும்போதே கழிவு மொத்தமாகக் கரைந்துவிடும். சாதாரணக் கடன் வாங்கியவருக்கே வாசல் சீக்கிரம் மூடுகிறது.

உள்நாட்டில் பூட்டப்பட்ட கார் என்ற நிபந்தனையைப் பார்ப்போம். ஷெவர்லே சில்வராடோ 1500 என்ற பிக்கப் வண்டி இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனிலும், மெக்சிகோவின் சிலாவோவிலும், கனடாவின் ஓஷாவாவிலும் தயாராகிறது. ஒரே ஷோரூமில், ஒரே பெயரில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு வண்டிகளில் ஒன்றுக்குக் கழிவு உண்டு, மற்றதற்கு இல்லை. வித்தியாசம் தெரிய வாகன அடையாள எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும்: 1 அல்லது 4 அல்லது 5 என்றால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ. அந்த எண்ணை வரிக் கணக்கிலும் குறிப்பிட வேண்டும். உள்நாட்டுத் தொழிலாளருக்கு வேலை தருவதே நோக்கம் என்றால், ஆண்டுக்கு இருநூறு முந்நூறு டாலர் மிச்சத்துக்காக ஒருவர் வண்டியின் எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குவார் என்று நம்புவது கடினம். இறக்குமதித் தீர்வை அந்தக் காரியத்தை, நல்லதோ கெட்டதோ, இதைவிட நேராகவே செய்துவிடுகிறது.

புதிய கார் மட்டும் என்ற நிபந்தனை எனக்கு இன்னும் பெரிய உறுத்தல். அமெரிக்காவில் ஓராண்டில் கைமாறும் பழைய கார்கள், விற்கும் புதிய கார்களைப் போல் இரு மடங்குக்கும் மேல். 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கும் மனிதர் பெரும்பாலும் இருப்பது அந்தப் பழைய கார் வரிசையில்தான். வட்டிச் சுமையைக் குறைப்பதற்கென்று வந்த சட்டம், வட்டி மிகக் கடுமையாக இருக்கும் சந்தையையே வெளியே நிறுத்திவிட்டது.

இந்தியாவின் அனுபவம் இதே மூன்றாம் வழியின் வேறொரு வடிவம். 2019 ஜூலை 5 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த, வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு, மின்வாகனம் வாங்கத் தனிநபர் எடுத்த கடனின் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிக்க அனுமதித்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே அது பொருந்தும். பெட்ரோல், டீசல் கார் வாங்கும் சம்பளக்காரருக்கு ஒன்றும் கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மின்வாகனத்துக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆக, ஒரே நோக்கத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் கையாளப்பட்டன. ஒப்பிடுவதற்கு இதைவிடத் தோதான சந்தர்ப்பம் வாய்க்காது.

வரிக்கு முன் 12 லட்சம் ரூபாய் விலையுள்ள மின்காரை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி குறைப்பால் வாங்கிய அன்றே மிச்சமானது 84,000 ரூபாய். கடன் வாங்கியவர், ரொக்கம் கட்டியவர், வரி கட்டுகிறவர், கட்டாதவர் என்ற பேதம் இல்லாமல் எல்லாருக்கும் அது கிடைத்தது. அதே காருக்கு 10 லட்சம் ரூபாய் கடனை 9 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்கு எடுத்தவர், முதல் ஆண்டில் சுமார் 83,000 ரூபாய் வட்டி கட்டுவார். ஐந்து ஆண்டில் மொத்தம் சுமார் 2,45,000 ரூபாய். 30 சதவீத அடுக்கில், மேல்வரியும் சேர்த்து 31.2 சதவீதம் கட்டுகிறவருக்கு ஐந்து ஆண்டும் கழிவு எடுத்தால் மிஞ்சுவது சுமார் 76,600 ரூபாய். அதாவது, 30 சதவீத அடுக்கில் இருக்கும் இவர்கூட, ஜிஎஸ்டி குறைப்பால் எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்த தொகையை ஐந்து ஆண்டு கணக்குக் காட்டிய பின்னும் எட்டுவதில்லை. போதாததற்கு, 2023-24 நிதியாண்டு முதல் இயல்பு முறையாகிவிட்ட புதிய வரி முறையில் 80இஇபி கிடையாது. கழிவை நம்பிக் கடன் எடுத்தவர், அதற்காகவே பழைய முறையில் தங்கலாமா என்று ஆண்டுதோறும் இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதுவே நான்காவது வழியின் பலத்தைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் மின்காருக்கு இருந்த 7,500 டாலர் வரிச் சலுகையும் இதே பாடத்தைத் தாமதமாகக் கற்றது. அது வருமானத்திலிருந்து கழியாமல் வரியிலிருந்தே நேரடியாகக் குறைந்தாலும், ஆண்டு முடிவில் கணக்குக் காட்டும்போதுதான் கிடைத்தது. கட்ட வேண்டிய வரி 3,000 டாலர் என்றால் மீதி 4,500 வீண். 2024 ஜனவரி 1 முதல் டீலரே அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொண்டு, அரசிடம் வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். பழைய மின்காருக்கும் 4,000 டாலர் வரை சலுகை இருந்தது. கார் கடன் வட்டிக் கழிவைத் தந்த அதே 2025 சட்டம்தான், செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் கார்களுக்கு இந்தச் சலுகையை நிறுத்தியது. நன்றாக வேலை செய்யத் தொடங்கிய கருவியை எடுத்துவிட்டு மழுங்கியதைக் கையில் கொடுத்த விந்தை அது.

நேரடிச் சலுகைக்கும் குறைகள் உண்டு. 2009-இல் பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி என்று 300 கோடி டாலரை அமெரிக்க அரசு செலவிட்டது. சில வாரங்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் கார்கள் விற்றன. திட்டம் முடிந்ததும் விற்பனை சரிந்தது. எப்படியும் சில மாதங்களில் வாங்கியிருப்பவர்கள் முன்கூட்டியே வாங்கினார்கள். சலுகையில் ஒரு பங்கை டீலர் விலையை ஏற்றி விழுங்குவதும் எங்கும் நடக்கக்கூடியதே. ஆனால் இந்தக் குறைகள் வட்டிக் கழிவுக்கும் உண்டு. நேரடிச் சலுகையில் அரசு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாவது வழி சலுகை அல்ல, வருமானத்தைச் சரியாகக் கணக்கிடும் முறை. டாக்சி ஓட்டுகிறவரின் கார் கடன் வட்டி, அவருடைய டீசல் செலவைப் போன்றதே. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவர் வருமானம். அமெரிக்கா, இந்தியா இரண்டிலும் சுயதொழில் செய்கிறவர், காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ற பங்கு வட்டியைச் செலவாகக் காட்டலாம். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது இதில் சேராது. எங்கே குடியிருப்பது என்பது அவரவர் முடிவு என்பதால் அந்தக் கோட்டை நான் ஏற்கிறேன். பொதுப் போக்குவரத்தே இல்லாத ஊரில் அது கொஞ்சம் இரக்கமற்ற கோடு என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் இந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. உணவு விநியோகம் செய்யும் சுயதொழில்காரர் தம் வட்டியின் தொழில் பங்கைக் கழிக்கலாம். வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் பெண், ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தால், ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்கு நாளெல்லாம் சொந்தக் காரில் போனாலும் அமெரிக்கச் சட்டப்படி அவருடைய கார் கடன் வட்டி தனிப்பட்ட செலவுதான். ஊழியராக வேலை செய்வதை அந்த விதி தொழிலிலிருந்து பிரித்து வெளியே வைத்திருக்கிறது. ஓட்டிய தூரத்துக்கு நிறுவனம் பணம் கொடுத்தால் பாதகமில்லை. 2025-இல் மைலுக்கு 70 சென்ட் வரை வரியில்லாமல் கொடுக்க முடிந்தது. கொடுக்காத நிறுவனத்தில் வேலை செய்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். புதிய கழிவும் அவருக்கு உதவுமா என்றால், அவர் கார் பழையதாகவோ கனடாவில் பூட்டியதாகவோ இருந்தால் உதவாது. 22 சதவீத அடுக்கில் இருந்துகொண்டு வார இறுதியில் மட்டும் புதுக் காரை எடுக்கிறவருக்கு உதவும்.

ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை இது. கார் வாங்க உதவுவதோ, மின்காரைப் பரப்புவதோ, உள்நாட்டு ஆலையைக் காப்பதோ நோக்கமானால், அதை விற்பனை வரியிலோ விலையிலோ நிலையான தொகையாக, பழைய கார்களையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வட்டிக் கழிவு என்ற கருவியை, காரைச் சம்பாத்தியத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கென்று வைத்துக்கொண்டு, அதில் மாதச் சம்பளக்காரர்களையும் சேர்க்க வேண்டும். ஓட்டிய தூரத்தைக் குறித்துவைக்கச் சொன்னால் போதும். சுயதொழில்காரர்களிடம் ஏற்கெனவே அதைத்தான் கேட்கிறார்கள்.

அரசியல் காரணங்களால் மூன்றாம் வழியே தொடரும் என்றால், குறைந்தபட்சம் அதை நிறுத்தும் முறையை இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். 80இஇபி பிரிவில் கெடு கடன் அனுமதிக்கும் தேதிக்குத்தான். 2023 மார்ச் 31-க்குள் கடன் எடுத்தவர், பழைய வரி முறையில் இருக்கும்வரை, அது தீரும் மட்டும் கழிவைப் பெறலாம். அமெரிக்கச் சட்டத்தில் கெடு வரி ஆண்டுக்கு. 2026 தொடக்கத்தில் ஏழு ஆண்டுக் கடன் எடுத்தவருக்கு 2026, 2027, 2028 ஆகிய மூன்று ஆண்டுகள் கழிவு கிடைக்கும். மீதி நான்கு ஆண்டுகள் அதே தவணையைக் கழிவில்லாமல் கட்டுவார். தொடக்க ஆண்டுகளில்தான் வட்டி அதிகம் என்பதால் இழப்பு கொஞ்சம் குறையும் என்றாலும், சலுகையைக் காட்டி நீண்ட தவணையில் கையெழுத்து வாங்கிக் கடன் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கை அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.